மாடி ஜன்னலும் மழைத் தெருவும்: இம்ப்ரெஷனிஸ்டுகள் வரைந்த பாரிஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1870களில் பாரிஸில் ஒன்றுசேர்ந்து, கண்ணுக்குப் பட்ட வெளிச்சத்தை அந்தக் கணத்திலேயே பிடிக்க முயன்ற ஓவியர்களைத்தான் இம்ப்ரெஷனிஸ்டுகள் என்பார்கள். அவர்களுடைய ஓவியங்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நண்பர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நகரத்தை வரைந்த படங்களைப் பற்றி மட்டும்தான் இந்தப் பக்கம். படிக்கும்போது ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: வரைந்தவர் எங்கே நின்று வரைந்தார்? என் அனுபவத்தில், இதைக் கேட்டாலே பாதிப் படம் புரிந்துவிடும்.

இம்ப்ரெஷனிஸ்டுகள் என்றால் அல்லிக்குளமும் வைக்கோல் போரும்தானே? நகரத்தை எப்போது வரைந்தார்கள்?

அல்லிக்குளமெல்லாம் பிற்பாடு வந்தது. காலண்டர் அடிப்பவர்களும் காபிக் கோப்பை விற்பவர்களும் மோனேயின் முதுமைக்காலப் படங்களையே திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டதால் நமக்கு அப்படித் தோன்றுகிறது. 1870களில், இவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து இயங்கிய காலத்தில், பாரிஸ் நகரம்தான் இவர்களுடைய பெரிய பாடுபொருள்களில் ஒன்று.

முதல் கண்காட்சியே நகரத்தின் நட்டநடுவில்தான் நடந்தது. அரசு ஆதரவு பெற்ற ‘சலோன்’ கண்காட்சியின் தேர்வுக் குழுவோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், சொந்தச் செலவில் ஒரு சங்கம் அமைத்து, 1874 ஏப்ரல் 15 அன்று கண்காட்சியைத் திறந்தார்கள். இடம், புல்வார் தெ கப்புசீன் என்ற பெருவீதியில் 35ஆம் எண் கட்டடம்; நடார் என்ற பிரபல புகைப்படக்காரரின் பழைய ஸ்டூடியோ. ‘இம்ப்ரெஷனிஸ்ட்’ என்ற பட்டப்பெயரை நக்கலாக ஒட்டவைத்தவர் லூயி லெருவா என்ற பத்திரிகைக்காரர். அதற்கு அவர் பிடித்துக்கொண்ட படம் மோனேயின் ‘இம்ப்ரெஷன், சூரிய உதயம்’. அந்தப் படத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். லெ ஆவ்ர் துறைமுகம், பாய்மரங்கள், புகைபோக்கிகள், பாரந்தூக்கிகள். குழுவுக்குப் பெயர் கொடுத்த படமே வேலை நடக்கும் ஓர் ஊரின் படம்தான்.

மானே, மோனே இருவரும் ஒருவரா?

இல்லை. தமிழில் எழுதும்போது ஓர் இரட்டைக்கொம்புதான் வித்தியாசம் என்பதால் குழப்பம் வருவது சகஜம். எதுவார் மானே மூத்தவர், 1832ல் பிறந்தவர். குழுவினருக்கு நெருங்கிய நண்பர். ஆனால் அவர்களுடைய எட்டுக் கண்காட்சிகளில் ஒன்றில்கூடப் பங்கேற்கவில்லை. குளோது மோனே 1840ல் பிறந்தவர், அல்லிக்குளக்காரர்.

அவர்கள் வரைந்த பாரிஸ் எந்தப் பாரிஸ்?

இன்றைய சுற்றுலாப் பயணிக்கு ‘பழைய பாரிஸ்’ என்று தெரிகிற தெருக்கள் அவர்களுக்குச் சுண்ணாம்பு காயாத புத்தம்புதுத் தெருக்கள். மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் 1853 முதல் 1870 வரை பாரிஸின் நிர்வாகியாக இருந்தவர் பாரன் ஓஸ்மான். சந்துபொந்துகளை இடித்து நேர்கோட்டில் அகலமான பெருவீதிகளைப் போட்டார். ஒரே உயரத்தில், ஒரே மாதிரி பால்கனிகளோடு வெளிர்நிறக் கல் கட்டடங்கள் வரிசையாக எழுந்தன. நிலத்தடிச் சாக்கடை, பூங்காக்கள், எரிவாயு விளக்குகள், நடைபாதையில் மரங்கள் எல்லாம் அந்தக் காலத்து வேலை. இடிபட்ட வீடுகளில் குடியிருந்த ஏழைகள் புதுக் கட்டடங்களின் வாடகை கட்டுப்படியாகாமல் ஊர் ஓரங்களுக்குப் போனார்கள்.

இந்த மாற்றம் எல்லாருக்கும் பிடித்ததா என்றால், இல்லை. கட்டடங்கள் அணிவகுப்பில் நிற்கும் சிப்பாய்கள் மாதிரி விறைப்பாக இருக்கின்றன என்று குழுவைச் சேர்ந்த ஓவியர் ரெனுவார் பின்னாளில் குறைப்பட்டுக்கொண்டதாக அவருடைய மகன் எழுதியிருக்கிறார். அதே ரெனுவார் அந்தப் பெருவீதிகளை வெயில் சொட்டச் சொட்ட வரைந்தும் வைத்திருக்கிறார்.

மனிதர்களை ஏன் வெறும் கறுப்புத் தீற்றல்களாகப் போட்டார்கள்? முகம் வரையத் தெரியாதா?

இந்தக் கேள்வியை 1874லேயே கேட்டுவிட்டார்கள். அந்த முதல் கண்காட்சியில் மோனேயின் ‘புல்வார் தெ கப்புசீன்’ என்ற படமும் இருந்தது. கண்காட்சி நடந்த அதே வீதியை மாடியிலிருந்து பார்த்து வரைந்தது. லெருவா தன் கிண்டல் கட்டுரையில் ஒரு பழம்பெரும் ஓவியரைக் கற்பனையாகக் கூட்டிவந்து படத்தின் முன்னால் நிறுத்துகிறார். படத்தின் கீழே நக்கிவிட்ட மாதிரி இருக்கும் இந்தக் கறுப்புத் தடங்கள் என்ன என்று கேட்கிறார் கிழவர். நடந்து போகிறவர்கள் என்று பதில் வருகிறது. ‘அப்படியென்றால் நான் இந்த வீதியில் நடக்கும்போது இப்படியா இருக்கிறேன்?’ என்று கிழவர் கொதிக்கிறார்.

அப்படித்தான் இருந்திருப்பார். மாடியில் நின்று நூறு அடி தள்ளிப் போகும் கூட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் மூக்கும் முழியும் தெரியாது. கறுப்புக் கோட்டு, நகரும் கால்கள், ஒரு தொப்பி. அவ்வளவுதான். பழைய பாணியில் ஓவியர்கள் என்ன செய்தார்கள் என்றால், தூரத்தில் இருப்பவருக்கும் தங்களுக்கு ‘தெரிந்த’ முகத்தை வரைந்து வைத்தார்கள். மோனே கண்ணுக்குப் பட்டதோடு நிறுத்திக்கொண்டார்.

இதில் புகைப்படத்துக்கும் பங்கு உண்டு. புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான டாகேர் 1838ல் பாரிஸின் ஒரு பெருவீதியைப் படமெடுத்தார். போக்குவரத்து நிறைந்த வீதிதான். ஆனால் தகட்டில் ஒளி பதிய நிமிடக்கணக்கில் ஆனதால் நகர்ந்தவர்கள் எல்லாம் மறைந்துபோய், செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள நின்ற ஒருவர் மட்டும் பதிந்தார். அப்புறம் கேமரா வேகம் கூடியபோது, நடப்பவர்கள் மறையாமல் இழுபட்ட நிழல்களாக விழுந்தார்கள். மோனேயின் தீற்றல்களுக்கும் அந்த இழுபட்ட நிழல்களுக்கும் நெருங்கிய ஜாடை இருக்கிறது.

மோனேயின் அந்தப் படத்தில் நான் முதலில் தேடுவது வலது ஓரத்தை. உயரத் தொப்பி வைத்த இருவர் பால்கனியிலிருந்து எட்டிக் கீழே வேடிக்கை பார்க்கிறார்கள். நாமும் அவர்கள் பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பதுபோல இருக்கும். (இந்தக் காட்சியை மோனே இரண்டு முறை வரைந்தார், ஒன்று கான்சஸ் சிட்டியில், இன்னொன்று மாஸ்கோவில்.)

ஏன் இத்தனை படங்கள் மேலிருந்து பார்த்தபடி இருக்கின்றன?

ஒரு காரணம், புதிய கட்டடங்களின் உயரமும் பால்கனிகளும் கொடுத்த வசதி. இன்னொன்று, அப்போது பாரிஸில் எல்லாரும் வாங்கிக் குவித்த ஜப்பானிய மர அச்சுப் படங்கள். மேலிருந்து பார்ப்பது, ஓரத்தில் பாதி உருவத்தை வெட்டுவது எல்லாம் அவற்றில் சாதாரணம். மூன்றாவது காரணம் நடைமுறை சார்ந்தது. நடுத்தெருவில் ஓவியத் தாங்கியை நிறுத்தினால் கூட்டம் கூடிவிடும், குதிரைவண்டி ஏறிவிடும்.

ரெனுவார் 1872ல் போன் நெஃப் பாலத்தை வரைந்த கதை இதற்கு நல்ல உதாரணம். பாலத்துக்கு எதிரே ஒரு கஃபேயின் மாடியில் உட்கார்ந்துகொண்டார். தம்பி எத்மோன் கீழே இறங்கிப் போய், கைத்தடியும் வைக்கோல் தொப்பியுமாக நின்று, போகிறவர் வருகிறவரை மறித்து மணி கேட்பார், வெட்டியாக ஏதாவது விசாரிப்பார். அவர்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் மேலே உருவத்தைப் போட்டுவிடுவார். படத்தில் எத்மோனும் இரண்டு இடங்களில் இருக்கிறார். எப்போதோ எடுத்த கண நேரக் காட்சி மாதிரி தெரிகிற ஓவியத்துக்குப் பின்னால் இப்படி ஒரு கூட்டுச்சதி.

குழுவின் இன்னொரு ஓவியரான பிஸ்ஸாரோவை மாடிக்கு ஏற்றியது கண் நோய். கண்ணீர் நாளத்தில் அடிக்கடி சீழ் பிடித்து, காற்றும் தூசியும் ஆகாமல் போய்விட்டது. வாழ்நாளெல்லாம் வயல்வெளியில் நின்று வரைந்தவர், அறுபது வயதுக்கு மேல் ஹோட்டல் அறைகளின் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தார். 1897ல் ஒரு ஹோட்டலில் அறை எடுத்து மோன்மார்த்ர் பெருவீதியை மட்டும் 14 முறை வரைந்தார். காலைப் பனி, மதிய வெயில், மழை, திருவிழா ஊர்வலம், வசந்தத்தில் துளிர்க்கும் மரங்கள். தெரு அசையவில்லை, வெளிச்சம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. அடுத்து ஓபெரா அவென்யூவை வரைந்தபோது மகன் லூசியனுக்கு எழுதிய கடிதத்தில், ஜனங்கள் அசிங்கம் என்று ஒதுக்கும் இந்தத் தெருக்கள் எவ்வளவு வெள்ளியாக மின்னுகின்றன, எவ்வளவு உயிரோடு இருக்கின்றன என்று பூரித்துப்போகிறார்.

அந்த 14ல் ஒன்றுதான் இரவு. லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. நடுவில் வரிசையாக வெள்ளை மின்விளக்குகள், இருபுறமும் கடைகளின் மஞ்சள் எரிவாயு வெளிச்சம், வண்டிகளின் சின்ன எண்ணெய் விளக்குகள். மூன்று தலைமுறை விளக்குகள் ஒரே ஈரத் தெருவில் கரைந்து கிடக்கின்றன. பிஸ்ஸாரோ அந்தப் படத்தில் கையெழுத்துப் போடவில்லை, உயிரோடு இருந்தவரை அதைக் காட்சிக்கும் வைக்கவில்லை.

ஒரே ஒரு படத்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் எதைப் பார்ப்பது?

குஸ்தாவ் கைபோத் 1877ல் வரைந்த ‘பாரிஸ் தெரு, மழை நாள்’. இதற்கு நான் கொஞ்சம் பட்சபாதம் காட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏறத்தாழ ஏழடி உயரம், ஒன்பதடி அகலம். முன்னால் வருகிறவர்கள் கிட்டத்தட்ட ஆளளவு. சான் லாசார் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பல தெருக்கள் கூடும் ஒரு முக்கு. நடுவில் ஒரு பச்சை விளக்குக் கம்பம் படத்தை இரண்டாகப் பிளக்கிறது. இடது பக்கம் முழுக்க வெட்டவெளி: ஈரம் மின்னும் கற்கள் பாவிய சாலை, தூரத்தில் கப்பலின் முனை மாதிரி கூர்ந்து நிற்கும் ஒரு கட்டடம், அங்கங்கே ஒரே சாயலில் சாம்பல் குடைகள். வலது பக்கம் நெருக்கம்: ஒரே குடைக்குள் ஒரு தம்பதி. அந்த அம்மாளின் முகத்தில் புள்ளிவைத்த மெல்லிய வலை, காதில் ஒளிப்பொட்டாய் ஒரு தோடு. இருவரும் நம்மைப் பார்க்கவில்லை, ஒருவரையொருவரும் பார்க்கவில்லை; இருவருமே படத்துக்கு வெளியே இடப்பக்கம் எதையோ பார்த்துக்கொண்டு வருகிறார்கள். வலது ஓரத்தில் ஒருவர் நமக்கு முதுகைக் காட்டியபடி, பாதி வெட்டுப்பட்ட நிலையில், அவர்களுக்கு எதிரே போகிறார். அடுத்த நொடியில் குடைகள் இடித்துக்கொள்ளும். யாராவது ஒருவர் குடையைச் சாய்த்தாக வேண்டும்.

மழை நாள் என்று பெயர், ஆனால் படத்தில் ஒரு மழைத்துளிகூட இல்லை. குடையும் தரையின் மினுமினுப்பும் வானத்தின் நிறமும்தான் மழையைச் சொல்கின்றன. பின்னணியில் பொறுமையாகத் தேடினால் ஏணியைத் தூக்கிக்கொண்டு போகும் ஒரு பெயிண்டர் கிடைப்பார்; இந்தப் பேட்டையில் வேலை இன்னும் முடியவில்லை. தூரத்தில் சாரம் கட்டிய கட்டடமும் உண்டு.

இதில் கைபோத் நின்ற இடம் மாடி இல்லை, தெரு. நாமும் நடைபாதையில் நிற்கிறோம், தம்பதிக்கு வழிவிட வேண்டியவர்கள் நாம்தான். தூரிகையும் மோனே மாதிரி துள்ளாது, வழவழவென்று இருக்கும். இதனாலேயே, இவரை இம்ப்ரெஷனிஸ்ட் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சொல்லலாம் என்பது என் கட்சி. அவர்களோடு கண்காட்சி வைத்தார், அவர்களுடைய வாடகையைக் கட்டினார், விலைபோகாத படங்களை வாங்கினார். 1894ல் இறந்தபோது தன் சேகரிப்பை அரசுக்கு எழுதிவைத்தார். அதிகாரிகள் தயங்கித் தயங்கி ஒரு பகுதியை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் நாம் பார்க்கும் முக்கியமான படங்களில் பல அப்படி வந்தவைதான். இந்த மழைப் படம் மட்டும் சிகாகோவில் இருக்கிறது.

ரயில் நிலையத்தில் வரைய என்ன இருக்கிறது?

புகை இருக்கிறது. மோனேவுக்கு அது போதும்.

1877ன் தொடக்கத்தில் சான் லாசார் நிலையத்தை 12 கேன்வாஸ்களில் வரைந்தார். பக்கத்திலேயே அவருக்கு ஒரு சின்ன அறை பிடித்துக் கொடுத்து வாடகை கட்டியவர் கைபோத். மோனே தனக்கு இருப்பதிலேயே நல்ல உடுப்பை மாட்டிக்கொண்டு, பெரிய மனிதர் தோரணையில் நிலைய அதிகாரியிடம் போய் அனுமதி வாங்கினார், அவருக்காக ரயில்களை நிறுத்தி எஞ்சின்களில் கரி போட்டுப் புகை விடச் செய்தார்கள் என்று ஒரு கதை உண்டு. ரெனுவார் குடும்பத்தில் சொல்லிவந்த கதை; கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கும், ஆனால் மோனேயின் குணத்துக்குப் பொருந்துகிறது.

படங்களில் ரயில் முக்கியமில்லை. மேலே இரும்பும் கண்ணாடியும் சேர்ந்த கூரை, கோயில் கோபுரம் மாதிரி முக்கோணமாக எழுகிறது. அதற்குள் நீராவி நீலமாகவும் ஊதாவாகவும் சுருண்டு, கூரை வழியே விழும் வெயிலைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. எஞ்சின் அதற்கு நடுவே கறுப்பாக ஒரு கட்டி. அதே ஆண்டு மூன்றாவது கண்காட்சியில் இவற்றில் ஏழை வைத்தார். கைபோத்தின் மழைப் படமும் அதே கண்காட்சியில்தான் இருந்தது. பார்க்க வந்த எழுத்தாளர் ஸோலா, நம் அப்பன்மார் காட்டிலும் ஆற்றிலும் கவிதையைக் கண்டார்கள், நம் ஓவியர்கள் ரயில் நிலையங்களில் காண வேண்டும் என்கிற தொனியில் எழுதினார்.

மோனேவுக்கு இந்த நிலையம் தினப்படி வாழ்க்கையும்கூட. அப்போது அவர் அர்ஜான்தோய் என்ற புறநகரில் குடியிருந்தார். பாரிஸ் வர, போக அந்த ரயில்தான்.

இதே இடத்தை மானே 1873லேயே வரைந்திருந்தார். ‘ரயில்பாதை’ என்று பெயர், படத்தில் ரயில் கிடையாது! இரும்புக் கிராதிக்கு இந்தப் பக்கம் ஒரு பெண் மடியில் நாய்க்குட்டியும் புத்தகமுமாக நம்மை நிமிர்ந்து பார்க்கிறாள். பக்கத்தில் ஒரு சிறுமி முதுகைக் காட்டியபடி கிராதியைப் பிடித்துக்கொண்டு வெண்புகையைப் பார்க்கிறாள்.

அவர்கள் வெறும் அழகை மட்டும்தானே வரைந்தார்கள்?

இரண்டு படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். 1878 ஜூன் 30 அன்று பாரிஸில் உலகப் பொருட்காட்சியை ஒட்டி ஒரு தேசியக் கொண்டாட்டம். (ஜூலை 14 என்று பலர் தப்பாகச் சொல்வார்கள், அது தேசிய விழாவானது 1880ல்.) தெருவெல்லாம் மூவர்ணக் கொடிகள்.

மோனே வரையும் சாமான்களோடு மோந்தோர்கெய் தெருவில் போய்க்கொண்டிருந்தார். ஒரு பால்கனி கண்ணில் பட்டது. ஏறிப்போய் அனுமதி கேட்டு வரைந்துவிட்டு, தான் யார் என்று காட்டிக்கொள்ளாமல் இறங்கி வந்தார். இதை அவரே பின்னாளில் சொன்னார். படத்தில் சிவப்பும் நீலமும் வெள்ளையும் படபடக்கின்றன. கீழே கூட்டம் எறும்புச்சாரி மாதிரி ஊர்கிறது. கொடிகளின் சத்தம் காதில் விழும்.

அதே நாள் கொண்டாட்டத்தை மானே தன் ஸ்டூடியோ ஜன்னலிலிருந்து, மோஸ்னியே தெருவில் பார்த்தார். கொடிகள் இங்கேயும் உண்டு, ஆனால் தெரு கிட்டத்தட்டக் காலி. இடது பக்கம் வேலிக்குப் பின்னால் கட்டட இடிபாட்டு மண். முன்னால் ஒற்றைக்கால் மனிதர் ஒருவர் ஊன்றுகோலில் நமக்கு முதுகைக் காட்டியபடி மெல்லப் போகிறார். பிரஷ்யாவோடு நடந்த 1870–71 போரில் காலை இழந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று பார்க்கிற எல்லாருக்கும் தோன்றும்.

அந்தப் போரைப் பற்றியும் கம்யூன் கிளர்ச்சியைப் பற்றியும் ஏன் எதுவும் வரையவில்லை?

நியாயமான குற்றச்சாட்டு. பிரஷ்யப் படைகளின் முற்றுகை, பட்டினி, அப்புறம் 1871 மே மாதம் கம்யூனை, அதாவது பாரிஸ் மக்கள் கிளர்ந்தெழுந்து அமைத்த நகர ஆட்சியை, அரசுப் படைகள் நசுக்கியபோது தெருவில் கொன்று குவித்தது. இவையெல்லாம் முதல் கண்காட்சிக்கு வெறும் மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் நடந்தவை. குழுவின் நண்பர் பஸீல் போரில் செத்தார். மானேயும் குழுவின் இன்னொரு ஓவியரான டெகாவும் முற்றுகையின்போது தேசியக் காவல் படையில் இருந்தார்கள். மோனேயும் பிஸ்ஸாரோவும் லண்டனுக்குப் போய்விட்டார்கள்.

மானே மட்டும் கம்யூன் தடுப்பரண்களையும் பிணங்களையும் கல்லச்சில் வரைந்தார். மற்றவர்களின் பாரிஸில் அந்தத் தழும்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. 1876ல் மோனே துயிலெரி தோட்டத்தை மேலிருந்து பல முறை வரைந்தார். தீவைக்கப்பட்ட துயிலெரி அரண்மனையின் எலும்புக்கூடு அப்போது பக்கத்திலேயே நின்றது. 1883ல்தான் அதை இடித்தார்கள். மோனே வரைந்ததோ மரங்களும் மாலை வெளிச்சமும். மறக்க விரும்பிய ஒரு நகரத்துக்கு இந்தப் படங்கள் வசதியாக இருந்தன என்று சில கலை வரலாற்றாசிரியர்கள் சொல்வதை என்னால் தள்ள முடியவில்லை.

உழைப்பாளிகள் சுத்தமாக இல்லையா என்றால், இருக்கிறார்கள், குறைவாக. கைபோத்தின் ‘தரை சீவுபவர்கள்’ (1875): சட்டையில்லாத மூன்று பேர் புது வீட்டின் மரத்தரையில் மண்டியிட்டு இழைக்கிறார்கள்; சுருள் சுருளாக மரச்சீவல், ஓரத்தில் ஒரு ஒயின் புட்டி. சலோன் இதை நிராகரித்தது. மோனே அதே ஆண்டு சேன் நதியில் கரி இறக்கும் கூலிகளைப் பலகையில் வரிசையாக நடக்கவிட்டார். டெகா, துணிக்கு இஸ்திரிப் பெட்டி போடும் பெண்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். ஒருத்தி புட்டியைக் கையில் பிடித்தபடி வாய் பிளந்து கொட்டாவி விடுகிறாள், பக்கத்தில் இருப்பவள் இரண்டு கையாலும் பெட்டியை அழுத்துகிறாள். அந்தக் கொட்டாவிக்கு நான் பத்து அல்லிக்குளம் கொடுப்பேன்.

வீட்டுக்குள், கஃபேக்குள், பாருக்குள் வரைந்தவையும் நகர ஓவியம்தானா?

இல்லாமல்? தெருவில் நடந்தவர்கள் சாயங்காலம் உட்காரப் போகும் இடம் அதுதானே.

டெகாவுக்கு வெட்டவெளியில் வரைவதே பிடிக்காது, ‘இம்ப்ரெஷனிஸ்ட்’ என்ற சொல்லும் பிடிக்காது. அவர் ராஜ்ஜியம் எரிவாயு வெளிச்சம். 1875–76ல் வரைந்த ‘அப்சிந்த்’ படத்தில் பிகால் சதுக்கத்தின் ஒரு கஃபே. ஒரு பெண்ணும் ஆணும் தோளோடு தோள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவருக்கு இன்னொருவர் இருப்பதே தெரியாத மாதிரி. அவள் முன்னால் பச்சை வெளிறிய அப்சிந்த் மது. மேஜைகளைக் கவனியுங்கள்: கால்களே இல்லை, அந்தரத்தில் சாய்ந்து மிதக்கின்றன. நிஜத்தில் அந்தப் பெண் எலன் ஆந்த்ரே என்ற நடிகை, ஆண் தெபுத்தான் என்ற ஓவியர். இருவரும் டெகாவுக்காகப் போஸ் கொடுத்தவர்கள்.

மானேயின் கடைசிப் பெரிய படம், 1882ல் வந்த ‘ஃபோலி பெர்ஜேர் மதுக்கூடம்’. ஃபோலி பெர்ஜேர் என்பது பாரிஸின் ஒரு கேளிக்கை அரங்கு. நாம் கல்லாவுக்கு இந்தப் பக்கம், வாடிக்கையாளர் இடத்தில் நிற்கிறோம். எதிரே சூசோன் என்ற பணிப்பெண், சலிப்பா சோகமா என்று பிடிபடாத முகத்தோடு. பின்னால் முழுச் சுவருக்குக் கண்ணாடி. நமக்குப் பின்னால் இருக்கும் கூட்டமெல்லாம் அதில். ஆனால் கண்ணாடியில் அவளுடைய முதுகு வலது பக்கம் தள்ளி விழுகிறது, அவளிடம் தொப்பிக்காரர் ஒருவர் குனிந்து பேசுகிறார். அந்த ஆள் நாம்தானா? அப்படியென்றால் கோணம் ஏன் பொருந்தவில்லை? 140 ஆண்டுகளாக இதற்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இடது மேல் மூலையில் பச்சைக் காலணி போட்ட இரண்டு கால்கள் தொங்குவதைப் பார்க்கத் தவறாதீர்கள்: ட்ரபீஸ் வித்தைக்காரி. கூட்டத்தில் ஒருவரும் அவளைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

பெண் ஓவியர்கள் இந்த நகரத்தை எப்படிப் பார்த்தார்கள்?

எங்கே நின்றார்கள் என்ற கேள்வி கனமாவது இங்கேதான். பெர்த் மொரிசோ எட்டில் ஏழு கண்காட்சிகளில் பங்கேற்றவர். மேரி கசாட் அமெரிக்காவிலிருந்து வந்து டெகாவின் அழைப்பில் சேர்ந்தவர். இருவரும் வசதியான வீட்டுப் பெண்கள். அந்தக் காலத்து ‘கௌரவமான’ குடும்பத்துப் பெண் துணையில்லாமல் தெருவில் சுற்ற முடியாது. பிகால் கஃபேயில் உட்காரும் பேச்சுக்கே இடமில்லை. அதே காலத்தில் பாரிஸில் ஓவியம் படித்த மரியா பாஷ்கிர்ட்செஃப், தனியாக நடந்து போக, தோட்டத்து பெஞ்சில் உட்கார, கடை ஜன்னல்களைப் பார்க்கச் சுதந்திரம் வேண்டும் என்று 1879ல் நாட்குறிப்பில் ஏங்கி எழுதினார்.

ஆகவே மொரிசோவின் பாரிஸ் பெரும்பாலும் பால்கனிக்கு அந்தப் பக்கம். 1871–72ல் வரைந்த ஒரு படத்தில் கறுப்பு உடுப்பில் ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் கிராதிக்கு இந்தப் பக்கம் நின்று, தூரத்தில் தங்கக் கூரையோடு பரந்து கிடக்கும் நகரத்தைப் பார்க்கிறார்கள். கைபோத்தின் ஆண்களும் ஜன்னலில் நின்று தெருவைப் பார்ப்பார்கள்தான், ஆனால் அவர்களுக்குப் படியிறங்கிப் போக யாருடைய அனுமதியும் வேண்டாம்.

கசாட் அடித்த அடி வேறு. 1878ல் வரைந்த ‘நாடக அரங்கப் பெட்டியில்’ (பெட்டி என்றால் அரங்கில் தனியாகத் தடுத்த இருக்கைப் பகுதி) கறுப்பு உடுப்புப் பெண் பைனாகுலரை உயர்த்தி, மேடையை விட்டுவிட்டு எதிர் வரிசையைப் பார்க்கிறாள். சற்றுத் தள்ளி ஒரு பெட்டியிலிருந்து ஒரு ஆள் முழங்கை ஊன்றி, தன் பைனாகுலரை அவள் மேலேயே திருப்பி வைத்திருக்கிறான். அவளுக்கு அது தெரியவில்லை, அல்லது பொருட்படுத்தவில்லை. இதற்கு நான்கு ஆண்டுகள் முன்னால் ரெனுவார் வரைந்த அரங்கப் பெட்டியில், பெண் அலங்காரமாக நம்மைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள், ஆண்தான் பைனாகுலரில் ஊர்ப் பெண்களை மேய்வான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பாரிஸைத் தவிர வேறு நகரங்களை வரையவில்லையா?

வரைந்தார்கள். பிஸ்ஸாரோ ரூவான் நகரத்தின் பாலங்களையும் துறைமுகத்தையும் வரைந்தார். ஆனால் பெரிய கதை மோனேயின் லண்டன். 1899 முதல் 1901 வரை மூன்று முறை போய், சவாய் ஹோட்டலில் தங்கி, தேம்ஸ் நதிப் பாலங்களையும் நாடாளுமன்றத்தையும் ஏறத்தாழ நூறு கேன்வாஸ்களில் தொடங்கினார். அவருக்கு வேண்டியது கட்டடம் இல்லை, மூடுபனி. அதில் பாதிக்கு மேல் கரிப்புகைதான். 1900 மார்ச்சில் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், காலையில் எழுந்து பார்த்தால் துளி மூட்டமும் இல்லை, எல்லாம் போச்சு என்று பதறிவிட்டேன், நல்லவேளை அடுப்புகளைப் பற்றவைத்தார்கள், புகை திரும்பி வந்தது என்று எழுதுகிறார்! 2023ல் வெளிவந்த ஓர் ஆய்வு, அவருடைய படங்களில் விளிம்புகள் மங்கிக்கொண்டே போவதும் நிறம் வெளுப்பதும் அன்றைய காற்று மாசின் அளவோடு ஒத்துப்போவதாகக் காட்டியது. 1904ல் பாரிஸில் 37 லண்டன் படங்களைக் காட்சிக்கு வைத்தார்.

ஈபிள் கோபுரத்தை ஏன் காணோம்?

அது எழுந்து முடிந்தது 1889ல். மோனே 1878லேயே பாரிஸ் தெருக்களை வரைவதை நிறுத்திவிட்டுக் கிராமத்துக்குப் போய்விட்டார், மானே இறந்துவிட்டார், குழுவின் கடைசிக் கண்காட்சி 1886ல் முடிந்துவிட்டது. கோபுரத்தை உடனே வரைந்தவர் அடுத்த தலைமுறையின் சூரா. புள்ளி புள்ளியாக, உச்சி இன்னும் முழுதாக ஏறாத நிலையில்.

நேரில் போக முடியாதவர்கள் எங்கே பார்ப்பது?

சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட், வாஷிங்டன் நேஷனல் கேலரி இரண்டும் இந்தக் காலத்துப் படங்களைப் பெரிய அளவில் இலவசமாகவே தங்கள் இணையதளங்களில் வைத்திருக்கின்றன. ஃபோனில் பார்க்காமல் கொஞ்சம் பெரிய திரையில் பாருங்கள். முதலில் முழுப் படத்தை, கைக்கெட்டாத தூரத்தில் உட்கார்ந்து. அப்புறம் ஒரு மூலையைப் பெரிதாக்குங்கள். குதிரையும் வண்டியும் உருகி மூன்று நான்கு தீற்றல்களாகிவிடும். திரும்பச் சிறிதாக்கினால் குதிரை நடக்கத் தொடங்கும். கைபோத்தின் மழைப் படத்தில் ஏணி தூக்கும் பெயிண்டரைத் தேடுவது நல்ல தொடக்கம். குழந்தைகள் நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடிக்கிறார்கள்.

பாரிஸுக்கே போகிறவர்கள் ஓர்சே அருங்காட்சியகத்துக்குக் காலையில் திறக்கும் நேரத்திலேயே போய்விடுங்கள். 1900ல் ரயில் நிலையமாகக் கட்டி 1986ல் அருங்காட்சியகமாக்கிய கட்டடம் அது. மோனேயின் சான் லாசார் படங்களில் ஒன்று அங்கே தொங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது தலையை நிமிர்த்தினால், அதே மாதிரி இரும்பும் கண்ணாடியுமான கூரை. புகைதான் இல்லை.